இரண வைத்தியமும் நமது தீவுகளும்

இரணத்திலிருந்து உறிஞ்சி எடுத்துக் குணமாக்கலாம் என்னும் எண்ணம் மிகப் பழையது. இரத்தம் வாங்குவதற்குச் சுசுருத சங்கிதை கொம்பு, அட்டை, சுரைக்குடுக்கை ஆகியவற்றைக் கூறுகின்றது. வாதத்துக்குக் கொம்பு, பித்தத்துக்கு அட்டை, கபத்துக்குச் சுரைக்குடுக்கை என்பது அந்நூலின் வகுப்பு. குடுக்கையினுள்ளே தீபம் வைத்தால் காற்று சூடாகும். சூடு தணிந்ததும் உள்ளே அமுக்கம் குறைய, தோலும் குருதியும் மேலிழுக்கப்படும்.

இதனைக் காட்டி, இன்றைய வைத்தியமெல்லாம் நம் முன்னோர் அறிந்ததே என்று சொல்வாருமுளர். அது பொருந்தாது. அவர்கள் வாங்கியது கெட்ட இரத்தமென்று கருதியதை. இன்றைய முறையின் நோக்கமே வேறு.

யாழ்ப்பாணத்தில் மேனாட்டுச் சத்திர வைத்தியத்தைத் தமிழில் நிலைநாட்டியவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவில் 1822இல் பிறந்து, 1847இல் இங்கு வந்து, மானிப்பாயில் வைத்தியம் செய்தும் கற்பித்தும் வந்தார். ஆங்கிலத்தில் வைத்தியம் பயின்றோர் உத்தியோகம் தேடி ஊரைவிட்டு நீங்குவதை அவர் கண்டார். ஆகவே இரண்டாம் முறை வந்தபோது, 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். துறூயிற் என்பாரின் ஆங்கில நூல் ‘இரண வைத்தியம்’ என்ற பெயரில் 1867இல் தமிழில் வெளிவந்தது. அதே ஆண்டிலேதான் இலிஸ்டர் கிருமி நீக்கும் சத்திர முறையை உலகுக்கு அறிவித்தார். ஆதலால் கிறீனின் மாணவர் கற்ற அம்மூலநூல், இரணம் ஏன் சீழ் பிடிக்கின்றது என்பது தெளிவாகுமுன் எழுந்ததாகும். ஆயினும் கத்தி பிடிக்கும் கைக்குத் தமிழ் போதும் என்பதை அது நாட்டியது.

உறிஞ்சு முறை மீண்டும் தலையெடுக்க நெடுங்காலம் சென்றது. ஜெர்மனியில் பியர் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ணாடிக் கிண்ணங்களைக் கையாண்டார். அமெரிக்கரான ஆர்ஜென்ராவும் மொறிக்வாசும் 1997இல் வெளியிட்ட ஆய்வே இன்றைய முறைக்கு வழிவகுத்தது. இரணத்தில் நுரைப்பஞ்சை வைத்து, காற்றுப் புகாத மென்படலத்தால் மூடி, குழாய் வழியே சிறு பொறியால் உறிஞ்சுவர். உள்ளமுக்கம் வளியமுக்கத்திலும் 125 மில்லிமீற்றர் இரசம் அளவு, அதாவது ஏறக்குறைய ஆறிலொரு பங்கு, குறையும். கசியும் நீர் வெளியேறும், வீக்கம் தணியும், விளிம்புகள் நெருங்கும், புதுத்தசை வளரும்.

முழங்கால் மூட்டு மாற்றியபின் தைத்து மூடிய வெட்டின் மேலும் இதனைச் சிலருக்கு வைக்கின்றனர். சிறிய மின்கலப் பொறி ஏறத்தாழ ஒரு வாரம் உடனிருக்கும். நீரிழிவு, மிகுந்த உடற்பருமன் முதலியன உள்ளோர்க்கே இது பெரிதும் கருதப்படுகிறது. கிருமித்தொற்றைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டினும், தோலில் கொப்புளம் எழுவதும் உண்டு. எல்லோருக்கும் வேண்டியதன்று.

இனி நமது தீவுகளுக்கு வருவோம். ஊர்காவற்றுறையார் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணத்தை அடையலாம். நயினாதீவாருக்கு இடையில் ஒரு சிறு கடல். நெடுந்தீவாரோ குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரம் படகிற் செல்ல வேண்டும். சோளகம் சீறும் நாளில் அதுவும் இல்லை. அங்கே வைத்தியசாலைக்கு அருகில் ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடொன்று நிற்கின்றது. செய்தி அனுப்பப் புறா வளர்த்தனர் என்பர். கடல் நடுவிலிருந்து செய்தி சேர்ப்பது அன்றே அருமையாயிருந்தது போலும்!

முழங்கால் மாற்றிக்கொண்டு திரும்பும் முதியவருக்கு, நள்ளிரவில் கட்டு தளர்ந்து பொறியின் விளக்கு மின்னினால், அதன் பொருளைச் சொல்வார் யார்? குறிப்பேடு ஆங்கிலத்திலிருந்தால் வீட்டார் விழிப்பர். கிறீன் கண்ட இடர் வேறுருவில் இங்கே நிற்கின்றது. வைத்தியசாலையை விட்டு நீங்குமுன், கட்டை எந்நாள் அகற்றுவது, நனையலாமா, பொறி நின்றால் யாரிடம் போவது என்பவற்றைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டுப் பெறுதல் வேண்டும். காய்ச்சல், மிகும் நோவு, சிவப்பு, நாற்றமுள்ள கசிவு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், அடுத்த படகுக்குக் காத்திராது உள்ளூர் வைத்தியசாலைக்கு உடனே செல்லவேண்டும்.