நம்பாமையும் நம்பவியலாமையும்

சொற்களின் வரலாறு மனித மனத்தின் வரலாறுமாகும். ‘இன்கிரெடியுலஸ்லி’ என்னும் ஆங்கில வினையடை இதற்கு ஏற்றதொரு சான்று. நம்புதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையொன்றின் வழியாக ஆங்கிலத்தை அடைந்த பெயரடைகள் இரண்டு. ‘இன்கிரெடிபிள்’ என்பது நம்பவியலாத செய்தியைக் குறிக்கும். ‘இன்கிரெடியுலஸ்’ என்பது நம்பாத மனிதனைக் குறிக்கும். முன்னையது செய்தியின் இயல்பு. பின்னையது கேட்போனின் உளநிலை. பின்னையதினின்றும் பிறந்ததே இவ்வினையடை. ‘நம்பாதவனாய்’ எனத் தமிழில் அதனை உரைக்கலாம்.

இவ்வெல்லை தொடக்கத்தில் உறுதியாக இருக்கவில்லை. சேக்ஸ்பியர் ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில், நம்பவியலாத சூழ்நிலையைக் குறிக்கவும் ‘இன்கிரெடியுலஸ்’ என்ற சொல்லையே கையாண்டார். பிற்கால வழக்கே இரண்டையும் தெளிவுற வேறுபிரித்தது.

இவ்வேறுபாடு வெறும் இலக்கண நுட்பமன்று என்பதை இரண்டாம் உலகப் போர்க்கால நிகழ்ச்சியொன்று உணர்த்தும். போலந்துத் தலைமறைவு இயக்கத்தின் தூதரான யான் கார்ஸ்கி, 1942 இல் வார்சோ நகரில் யூதர் அடைக்கப்பட்டிருந்த பகுதியினுள் மறைவாகப் புகுந்து, நாசிகளின் கொடுமைகளை நேரிற் கண்டவர். 1943 யூலையில் வாஷிங்டன் சென்ற அவர், அமெரிக்க உயர் நீதிமன்ற நீதியரசர் பீலிக்ஸ் பிராங்பேட்டரிடம் தாம் கண்டவற்றை எடுத்துரைத்தார். பிராங்பேட்டரும் யூதரே. யாவற்றையும் செவிமடுத்த பின்னர், தம்மால் நம்ப முடியவில்லை என்றார் அவர். உடனிருந்த போலந்துத் தூதுவர் ஆட்சேபித்தபோது, கார்ஸ்கி பொய்யுரைப்பதாகத் தாம் கூறவில்லை என்றும், நம்புதல் தமக்கு இயலவில்லை என்றே கூறியதாகவும் விளக்கினார்.

அவ்விளக்கம் இவ்வினையடைக்கு எழுதப்பட்ட உரை எனலாம். குறை சான்றிலும் இல்லை, சான்றுரைத்தவரிடத்தும் இல்லை, கேட்ட உள்ளத்தின் கொள்ளளவிலேயே இருந்தது. அவ்வேளையில் போலந்து யூதருட் பெரும்பாலோர் ஏற்கெனவே கொல்லப்பட்டிருந்தனர். கேட்போர் தம் நம்பாமையைச் செய்தியின் நம்பவியலாமையாக மாற்றிக்கொள்ளும்போது, செயற்பட வேண்டிய கடமையும் அவர்களிடமிருந்து நழுவிவிடுகிறது.

இன்று ‘இன்கிரெடிபிளி’ என்ற வினையடை பேச்சு வழக்கில் ‘மிகவும்’ என்னும் அளவிற்குப் பொருள் தேய்ந்துள்ளது. ‘இன்கிரெடியுலஸ்லி’ அவ்வாறு தேயவில்லை. வரலாற்று நூல்களில் அச்சொல்லைக் காணுமிடத்து, சொல்லப்பட்டது பொய்யென முடிவுகட்டாது, கேட்டவன் யார், அவன் ஏன் நம்பவில்லை என வினவுதலே வரலாற்று மாணவனின் கடனாகும்.