சிற்றூர்களின் வருமானக் கணக்கு

1972-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன் கையொப்பமிட்ட ஒரு சட்டம், மத்திய சர்க்காரின் வரிப்பணத்தில் ஒரு பாகத்தை மாநிலங்களுக்கும் அவற்றின் கீழுள்ள ஊர்களுக்கும் பகிர்ந்தளிக்க ஏற்பாடு செய்து, பங்கீட்டுக்குரிய அளவுகோல்களுள் ஒன்றாகத் தலா வருமானத்தையும் வைத்தமையால், ஏறக்குறைய 39,000 ஊராட்சிகளுக்குத் தனித்தனியே அக்கணக்கைச் சொல்லவேண்டிய பாரம் ஜனத்தொகைக் கணக்கு இலாகாவின் தலையில் விழுந்தது.

1970-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வருமானத்தைப் பற்றிய கேள்வி ஐந்து வீட்டுக்கு ஒரு வீட்டில்தான் கேட்கப்பட்டிருந்தது. மாநகரங்களுக்கு அது தாராளமாய்ப் போதும். நூறு பேர் வசிக்கும் குக்கிராமத்திலோ பதில் சொன்னவை ஆறேழு வீடுகளே. அவற்றுள் ஒன்று பெரிய பண்ணைக்காரருடையதாக அமைந்துவிட்டால் ஊரே செல்வம் கொழிப்பதாக ஏட்டில் ஏறிவிடும். அத்தகைய ஊர்களின் மதிப்பில் நியமப் பிழை, அதாவது மாதிரி எடுப்பதால் வழக்கமாக நேரக்கூடிய விலகலின் அளவு, சுமார் 30 சதவிகிதம். 500 பேர் உள்ள ஊரிலும் 13.

இலாகா முதலில் கைக்கொண்ட உபாயம், 500 பேருக்குக் குறைந்த ஊர்களுக்கெல்லாம் அவை அடங்கிய கவுண்டியின், அதாவது மாநிலத்தின் உட்பிரிவான ஜில்லாவின், சராசரியையே எழுதிவிடுவது. காரியாலய சௌகரியத்துக்கு ஏற்ற வழிதான். ஆனால், செழிப்பான கவுண்டியில் அகப்பட்டுக்கொண்ட ஏழைக் கிராமத்துக்கு இதைவிடப் பெரிய அநியாயம் வேறில்லை.

இதற்குப் பரிகாரம் கண்டவர்கள் அவ்விலாகாவைச் சேர்ந்த ராபர்ட் ஃபே, ரோஜர் ஹெரியட் என்னும் இருவர். அவர்கள் கையாண்ட, பதிவேட்டையும் மாதிரிக் கணக்கையும் இணைக்கும் யுக்தி பழையதே. 1802-இல் பிரான்ஸில் சில ஊர்களில் மட்டும் ஜனங்களை எண்ணச் செய்து, ஆண்டுக்கு ஒரு பிறப்புக்கு 28 பேருக்குச் சற்று அதிகம் என்ற விகிதத்தைக் கண்டு, அதையும் பிறப்புப் பதிவேட்டையும் கொண்டு தேசம் முழுவதன் ஜனத்தொகையைக் கணித மேதை லாப்லாஸ் கணித்திருக்கிறார். ஃபேயும் ஹெரியட்டும் எடுத்துக்கொண்டவை 1969-ஆம் வருஷத்து வருமானவரிக் கணக்குகள், வீடுகளின் மதிப்பு, கவுண்டியின் சராசரி ஆகியவை. இவற்றிலிருந்து ஒவ்வோர் ஊருக்கும் எதிர்பார்க்கத்தக்க வருமானத்தை வகுத்து, அதனோடு அவ்வூரின் மாதிரிக் கணக்கையும் சேர்த்து, எந்தச் சாட்சி உறுதியானதோ அதற்கு அதிக மதிப்பளிக்கும் நியாயாதிபதியைப் போல, பிழையின் அளவைப் பொறுத்து இரண்டுக்கும் பங்கு பிரித்தார்கள். முடிவு, ஊரார் சொன்ன கணக்கிலிருந்து ஒரு நியமப் பிழைக்கு மேல் விலகலாகாது என்று ஒரு வரம்பும் கட்டினார்கள். இவ்வேற்பாட்டில் என் மனத்துக்கு மிகவும் உகந்தது இந்த வரம்புதான்.

1973-இல் சில ஊர்களில் வீடுதோறும் எடுத்த விசேஷக் கணக்கோடு ஒப்பிட்டபோது, மாதிரிக் கணக்கைக் காட்டிலும், கவுண்டிச் சராசரியைக் காட்டிலும் இம்முறையின் பிழை சராசரியில் குறைவாகவே இருந்தது. 1,000 பேருக்குக் குறைந்த ஊர்களுக்கு இலாகா இதையே கைக்கொண்டது. விவரங்கள் 1979-இல் கட்டுரையாக வெளிவந்தன.