போர் விழுங்கிய ஆண்டுகள்: பிரிட்ஸ் வால்டரின் உதைபந்தாட்ட வாழ்வு

ஜேர்மனியின் மத்தியகள ஆட்டவீரர்கள் என்றதும் இன்றைய இரசிகர்களுக்கு லோதர் மத்தேயஸ், மைக்கல் பலாக் போன்றோரின் பெயர்களே நினைவுக்கு வரும். அந்நாட்டுக்கு முதலாவது உலகக் கிண்ணத்தை 1954 இல் பெற்றுக்கொடுத்த அணித்தலைவர் பிரிட்ஸ் வால்டரை அறிந்தவர்கள் நம்மிடையே மிகச் சிலரே. 61 சர்வதேசப் போட்டிகள், 33 கோல்கள் என்று அவரது சாதனைக் குறிப்பு கூறுகின்றது. அந்தப் பட்டியலைச் சற்று உற்று நோக்கினால் நடுவே ஒரு வெற்றிடம் தென்படும். 24 ஆவது போட்டி 1942 நவம்பரில் நடந்தது. 25 ஆவது போட்டியோ 1951 இல். இருபத்திரண்டு வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலம் அது. ஒரு விளையாட்டு வீரனின் பொற்காலம் எனக் கூறத்தக்க அந்த ஆண்டுகளைப் போரும் அதன் பின்விளைவுகளும் விழுங்கிவிட்டன. அந்த வெற்றிடத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன்.

வால்டர் 1920 ஒக்ரோபர் 31 ஆம் திகதி கைசர்ஸ்லௌட்டர்ன் நகரில் பிறந்தவர். அந்நகரின் உதைபந்தாட்டக் கழகத்தின் உணவகத்தை நடத்தியவர்கள் அவரது பெற்றோர். பதினேழு வயதிலேயே கழகத்தின் முதல் அணியில் இடம்பிடித்தார். 1940 ஜூலை 14 இல், பிராங்பேர்ட்டில் ருமேனியாவுக்கு எதிராகத் தேசிய அணியில் அறிமுகமாகி மூன்று கோல்களைப் புகுத்தினார். ஜேர்மனி 9-3 என வென்றது. ஹிட்லரின் படைகள் பாரிஸ் நகருக்குள் நுழைந்து அன்றுடன் சரியாக ஒரு மாதம் நிறைவுற்றிருந்தது. அக்காலத்தில் தேசிய அணியின் ஒவ்வொரு வெற்றியும் நாஜி ஆட்சியின் பிரசாரத்துக்குப் பயன்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. பயிற்றுநர் செப் ஹேர்பேர்கர் 1933 முதல் நாஜிக் கட்சியின் உறுப்பினர். அதே ஹேர்பேர்கர்தான் தமது வீரர்களைப் போர்முனையிலிருந்து விலக்கிவைக்கத் தம்மாலான வழிகளையெல்லாம் தேடியவர். மனிதரின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் ஒரே நிறத்தில் அமைவதில்லை.

1942 நவம்பர் 22 இல் ஸ்லோவாக்கியாவுடன் ஆடிய ஆட்டமே போர்க்காலத்தின் இறுதி சர்வதேசப் போட்டியாயிற்று. அதன் பின்னர் வால்டர் முழுமையாகப் படைவீரரானார். போர் முடிந்தபோது அமெரிக்கரிடம் சரணடைந்த அவர், அங்கிருந்து சோவியத் படைகளிடம் ஒப்படைக்கப்பட்டார். இன்றைய ருமேனியாவின் வட எல்லையிலுள்ள சிகெத் முகாமில் அடைக்கப்பட்டார். அங்கிருந்த கைதிகள் சோவியத் தொழில் முகாம்களுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தனர். போனவர்களில் பலர் திரும்பவில்லை.

முகாமில் காவலர்கள் உதைபந்து விளையாடுவது வழக்கம். வால்டரும் அவர்களோடு சேர்ந்து ஆடினார். ஹங்கேரியக் காவலர் ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். 1942 மே மாதம் புடாபெஸ்டில் ஜேர்மனி 5-3 என ஹங்கேரியை வென்ற ஆட்டத்தை நேரில் பார்த்தவர் அவர். இக்கைதி ஜேர்மனியரல்லர், சார் பிரதேசத்தவர் என அந்தக் காவலர் சோவியத் அதிகாரிகளிடம் கூற, வால்டரின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கியது. வால்டர் பின்னாளில் தாமே கூறிய செய்தி இது. 1945 ஒக்ரோபரில், தம்பி லுட்விக்குடன் அவர் வீடு திரும்பினார்.

இவ்விடத்தில் இன்னொருவரையும் நினைவுகூர வேண்டும். ஜூலியஸ் ஹேர்ஷ் ஜேர்மன் அணிக்காக ஏழு போட்டிகளில் ஆடிய யூதர். 1912 இல் நெதர்லாந்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு கோல்களைப் புகுத்தியவர். முதலாம் உலகப் போரில் ஜேர்மனிக்காகப் போரிட்டவர். 1933 இல் தென்ஜேர்மனியின் கழகங்கள் யூதர்களை நீக்கப்போகின்றன என்ற செய்தியைப் பத்திரிகையில் படித்து, தாம் நேசித்த கழகத்துக்குத் தாமே விலகல் கடிதம் எழுதினார். 1943 மார்ச்சில் அவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்ட அவர் மீளவேயில்லை. உதைபந்தாட்டப் புகழ் ஒருவரைக் காத்தது, மற்றவரைக் காக்கவில்லை. வால்டரின் கதையை வெறும் அதிர்ஷ்டக் கதையாக எழுதுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

ஊர் திரும்பிய வால்டர் சிதைந்துகிடந்த கழகத்தைக் கட்டியெழுப்பினார். கைசர்ஸ்லௌட்டர்ன் 1951 இலும் 1953 இலும் ஜேர்மன் சம்பியனானது. அத்லெற்றிக்கோ மட்ரிட் கழகம் பெருந்தொகை கொடுத்து அழைத்தபோதும் அவர் ஊரை விட்டுச் செல்லவில்லை. 1950 உலகக் கிண்ணத்தில் ஜேர்மனிக்கு இடமிருக்கவில்லை. மேற்கு ஜேர்மனியின் முதலாவது சர்வதேசப் போட்டி 1950 நவம்பர் 22 இல், அதாவது போர்க்காலத்தின் கடைசிப் போட்டி நடந்து சரியாக எட்டு ஆண்டுகள் கழித்து நடைபெற்றது. அடுத்த ஆண்டு வால்டரும் அணிக்குத் திரும்பினார்.

1954 இல் சுவிற்சர்லாந்தில் நடந்தது உலகறிந்த கதை. நான்கு ஆண்டுகளாகத் தோல்வி காணாத ஹங்கேரி, முதற் சுற்றில் ஜேர்மனியை 8-3 எனத் துவைத்தெடுத்தது. ஜூலை 4 இல், பேர்ண் நகரில் நடந்த இறுதியாட்டத்திலும் எட்டு நிமிடங்களுக்குள் அது இரு கோல்கள் முன்னணியில் நின்றது. ஆனால் மோர்லொக் ஒன்றும் ரான் இரண்டும் புகுத்த, ஜேர்மனி 3-2 என வென்றது. அன்று மழை கொட்டியது. போரின்போது மலேரியா கண்டதனால் வெயிலில் சோர்ந்துபோகும் வால்டருக்கு மழைநாளே உகந்தநாள். ஜேர்மனியில் வாழும் நம்மவர்கள் இன்றும் அங்கு மழையைப் "பிரிட்ஸ் வால்டர் காலநிலை" எனக் கூறக் கேட்டிருப்பார்கள். அணியில் அவரது தம்பி ஒட்மாரும் இருந்தார். ஒரே உலகக் கிண்ணத்தை வென்ற முதற் சகோதரர்கள் இவர்களே. புஸ்காஸின் கோல் ஒன்று மறுக்கப்பட்டதும், ஜேர்மன் வீரர்களுக்கு ஏற்றப்பட்ட ஊசிகளும் இன்றுவரை விவாதிக்கப்படுகின்றன. இவை ஒருபுறமிருக்க, தம் உயிரைக் காத்தவரின் நாட்டையே தோற்கடித்துக் கிண்ணம் பெற நேர்ந்தது வால்டரின் விதி.

1956 இல் கிழக்கு ஜேர்மனியின் லைப்சிக் நகரில், ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் முன்னிலையில், முன்னோக்கிச் சரிந்தபடி குதிகாலால் அவர் புகுத்திய கோல் இரு ஜேர்மனிகளிலும் பேசப்பட்டது. 1958 இல், முப்பத்தேழாவது வயதில், சுவீடனுக்கு எதிரான அரையிறுதியில் காயமுற்றார். அதுவே அவரது இறுதிச் சர்வதேச ஆட்டம். மறு ஆண்டு ஓய்வுபெற்றார். பிற்காலத்தில் சிறைச்சாலைகளுக்குச் சென்று கைதிகளைச் சந்திப்பதைத் தமது பணியாகக் கொண்டார். முகாமின் கம்பிவேலிக்குள் இருந்தவருக்கு அப்பணியின் பொருள் நன்கு விளங்கியிருக்கும் என்றே நான் நினைக்கின்றேன்.

2002 ஜூன் 17 இல் அவர் மறைந்தபோது நான் பத்திரிகையொன்றின் செய்திப் பிரிவில் இருந்தேன். கொரியாவிலும் ஜப்பானிலும் உலகக் கிண்ணப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தமையால், அவரது மறைவுக்கு நாலு வரிகளே கிடைத்தன. கைசர்ஸ்லௌட்டர்னின் அரங்கு 1985 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஜேர்மன் உதைபந்தாட்டச் சம்மேளனம் 2005 முதல் சிறந்த இளம் வீரர்களுக்குப் பிரிட்ஸ் வால்டர் பதக்கம் வழங்குகின்றது. அதே 2005 முதல், இனவெறிக்கும் யூத வெறுப்புக்கும் எதிராகப் பணிபுரிவோருக்கு ஜூலியஸ் ஹேர்ஷ் பரிசையும் வழங்கி வருகின்றது. இவ்விரு பெயர்களையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் அந்நாட்டின் உதைபந்தாட்ட வரலாறு முழுமை பெறும்.