வலைக்குக் காவல்

காட்டூரில் எங்கள் தாத்தா காலத்தில் பூனை வளர்த்தது வலைக்காகத்தான். மீன் வாடை ஏறிய பருத்தி நூலை எலி விடாது. பிறகு நைலான் வந்தது, எலி மருந்தும் வந்தது.

அந்த மருந்தின் பூர்வீகம் மாட்டுத் தீவனம். 1920-களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. விஸ்கான்சினில் கார்ல் லிங்க் குழு காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழிவந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தானது. பின்னால் வந்த வீரிய மருந்துகள் உடம்பில் வாரக்கணக்கில் தங்கும். தின்ற எலி உடனே சாகாது. தள்ளாடும்போது பூனை பிடித்துத் தின்றுவிடும், விஷம் பூனைக்கும் ஏறும்.

பூனையின் ஈறில் ரத்தம் கண்டால் மீன் முள் குத்தியது என்பாள் அத்தை. பல்லில் காரை, வாய் நாற்றம் என்றால் ஈறு நோயாகலாம். மூக்கிலும் கசிந்தால், தோலில் கன்றினால் விஷத்தைச் சந்தேகிக்க வேண்டும். முறிவு வைட்டமின் கே. அதையும் கால்நடை மருத்துவர்தான் கொடுக்கவேண்டும், பல வாரம்.