வாக்கில்லாத ஆசனம்

1969-ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் வி. வி. கிரியும் நீலம் சஞ்சீவ ரெட்டியும் மோதிய களத்தை இந்த வாரம் விவரிப்பதாகச் சென்ற இதழில் சொல்லியிருந்தேன். ஆயினும், அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு அத்தேர்தலில் இருந்த ஒற்றை வாக்கைப் பேசுவதற்கு முன், அந்த வாக்கே இல்லாதிருந்த காலத்தையும், அக்காலத்தில் தீவுகளின் லோக்சபை ஆசனத்தை அலங்கரித்த ஒரு மகாபுருஷரையும் விட்டுக் கடந்துசெல்ல மனம் இடங்கொடுக்கவில்லை.

அந்தமானின் சிப்பிகாட்டில் நிலத்தை உழுதவரும், 1883 முதல் இயங்கிய சாத்தம் மர அறுவை ஆலையில் உழைத்தவரும், 1952, 1957, 1962 ஆகிய மூன்று ஜனாதிபதித் தேர்தல்களிலும் மறைமுகமாகக்கூடப் பங்குபெறவில்லை. தீவுகளின் லோக்சபைப் பிரதிநிதியை அந்நாளில் ஜனாதிபதியே நியமித்தார். அரசியல் சாசனத்தின் 54-ஆம் பிரிவோ தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினருக்கு மட்டுமே அந்த வாக்கை அளித்தது.

1952-இல் அவ்வாறு நியமனம் பெற்றவர் கார் நிக்கோபார் தீவின் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன். தமிழரான வேதப்பன் சாலமோன் என்னும் உபதேசியாரிடம் பாலப்பருவத்தில் பாடம் கேட்டு, பர்மாவில் கல்வி முடித்துத் தம் தீவுக்கே திரும்பிய அவர், ஜனங்களுக்கு எழுத்தறிவித்தார். புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழியில் பெயர்த்தார். இளைஞர்களுக்குக் கால்பந்தாட்டமும் பழக்கினார். 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆதிக்கத்தில், ஒற்றர் என்ற வீண்பழியால் எத்தனையோ நிரபராதிகள் மாண்டபோது, அவரும் மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டார். அந்த ஆதிக்கத்தை விடுதலை என்று புகழ்வோருடன் நான் ஒருநாளும் உடன்படேன். தீவுகளின் வீரர் யாரென்று கேட்டால், ஆயுதம் ஏந்தாத இந்தப் பாதிரியாரையே முதலில் சொல்வேன். பின்னர் பத்மபூஷண் விருதும் அளித்து அவரைத் தேசம் கௌரவித்தது. ஆனால் சொந்த ஜனங்களே தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கக்கூடிய அத்தகையவரை நியமன அங்கத்தினராக்கி, ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாத ஆசனத்தில் அமர்த்தியது பெரும் அநீதி.

1967-இல் நேரடித் தேர்தல் வந்தது, கே. ஆர். கணேஷ் வென்றார், ஜாகிர் உசேனும் சுப்பா ராவும் போட்டியிட்ட அவ்வாண்டின் ஜனாதிபதித் தேர்தலில் தீவுகளுக்கு முதன்முதலாக ஒரு வாக்குக் கிடைத்தது. அன்றும் ஒன்றே, இன்றும் ஒன்றே. 2022-இல் அதன் மதிப்பு 700. புதுச்சேரியின் சட்டசபை அங்கத்தினருக்கு 1992-ஆம் ஆண்டின் எழுபதாவது திருத்தம் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வழங்கியது; சட்டசபையே இல்லாத அந்தமானுக்கு அதுவும் எட்டவில்லை.

மாநிலங்களிலோ மந்திரிசபைகள் ஆள்கின்றன. இத்தீவுகளை ஜனாதிபதி நியமிக்கும் துணைநிலை ஆளுநரே ஆள்கிறார். 2002-இல் உச்சநீதிமன்ற ஆணையால் மரத்தொழில் ஒடுங்கியபோதும், 2004-ஆம் ஆண்டின் சுனாமிக்குப்பின் சிப்பிகாட்டு வயல்களைக் கடல்நீர் விழுங்கியபோதும், அல்லலுற்ற ஜனங்கள் முறையிட வேண்டியிருந்தது தாங்கள் தேர்ந்தெடுக்காத நிர்வாகத்திடமே. ஜனாதிபதியின் பெயரால் நேரடியாக ஆளப்படுகிற மக்களுக்கு, அவரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரேயொரு வாக்கு மட்டும் இருப்பது நியாயமன்று. அந்தமானுக்குச் சட்டசபை வேண்டும், அதன் அங்கத்தினருக்கு இந்த வாக்கும் வேண்டும்.