ஒரே கோப்பையில் பல கரண்டிகள்: கூடிச் சுவைத்தலின் வரலாறும் போனக்காடும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுராவைக் கடந்து மலையேறினால் வரும் ஊர் போனக்காடு. அகத்தியர்கூடத்துக்கு நடைப்பயணம் செல்வோர் புறப்படும் இடம் என்ற அளவிலேயே இன்று பலர் அதன் பெயரை அறிவர். அது ஆங்கிலேயர் காலத்தில் உருவான தேயிலைத் தோட்டம். 'போன் அக்கார்ட்' என்ற தோட்டப் பெயரே மக்கள் நாவில் போனக்காடு ஆயிற்று என்பது வழக்கில் உள்ள விளக்கம். பிரெஞ்சில் அத்தொடருக்கு 'நல்லிணக்கம்' என்று பொருள். ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரம் அதைத் தன் குறிக்கோள் தொடராகக் கொண்டிருக்கிறது. பொருள் விளங்காத வேற்றுமொழிச் சொல்லின் ஈற்றைத் தமக்குத் தெரிந்த 'காடு' ஆக்கிக்கொள்வது பேசுவோரின் இயல்பு. மலைமேல் குடியேற்றப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் சுற்றியிருந்த மலையாளிகளும் அந்தச் சொல்லை அப்படித்தான் கேட்டிருப்பர்.

அத்தோட்டத்தின் தொழிற்சாலை பல ஆண்டுகளாக ஓடவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் பழுதடைந்து நிற்கின்றன. இதே காலத்தில் பெங்களூரு, சென்னை, கொச்சி போன்ற நகரங்களில் ஆர்வலர்கள் கூடித் தேநீரையும் காப்பியையும் சுவைத்துப் பார்த்துக் குறிப்பெழுதும் பழக்கம் வளர்ந்துவருகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இவ்விரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் கூடிச் சுவைத்தல் என்ற பழக்கத்தின் வரலாற்றைத் தொடர்ந்து சென்றால் ஒரே கேள்வி மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகிறது: சுவையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் மேசையில் யார் யாருக்கு இடம் இருந்தது?

சூதாட்டமாகத் தொடங்கிய கலை

ஆர்வலர் கூட்டமாக அமர்ந்து தேநீரைச் சுவைத்து அடையாளம் காணும் வழக்கத்துக்குத் தெளிவான பழஞ்சான்று 14ஆம் நூற்றாண்டு ஜப்பானில் கிடைக்கிறது. 'தோச்சா' என்பது அப்போட்டியின் பெயர். கியோத்தோவுக்கு அருகிலுள்ள தோகானோவில் விளைந்த தேயிலை 'மெய்த்தேயிலை' என்று மதிக்கப்பட்டது. பிற இடங்களில் விளைந்தவை 'அல்லாத தேயிலை'. எந்தக் கோப்பையில் எது இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பின்னர் நான்கு வகைத் தேயிலைகளைப் பத்துக் கோப்பைகளில் கலந்து வைத்துக் கண்டறியும் முறை பரவியது. வென்றவர்க்குப் பரிசு, பந்தயமும் உண்டு. 1336இல் வெளியான கென்மு சட்டத்தொகுதி இத்தகைய தேநீர்க் கூட்டங்களில் நடந்த சூதாட்டத்தைக் கண்டித்தது. அரசு கண்டிக்கும் அளவுக்கு அக்கூட்டங்கள் பெருகியிருந்தன என்பதற்கு அச்சட்டமே சான்று.

இங்கே கவனிக்க வேண்டியது முறைமை. பெயர் மறைக்கப்பட்ட கோப்பை, ஒரே அளவு, அனைவர்க்கும் ஒரே வரிசை, பிறகு வெளிப்படுத்தல். ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்குப் பின் புள்ளியியல் இதே முறையைச் சென்றடைந்தது. 1920களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பாசியியல் அறிஞர் மியூரியல் பிரிஸ்டல், கோப்பையில் பால் முதலில் ஊற்றப்பட்டதா தேநீர் முதலில் ஊற்றப்பட்டதா என்று சுவைத்தே சொல்ல முடியும் என்றார். ரொனால்ட் ஃபிஷர் அக்கூற்றைச் சோதனைக்குரிய சிக்கலாக மாற்றினார். எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதல், நான்கில் தேநீர் முதல். எட்டிலிருந்து நான்கைத் தெரிவு செய்ய 70 வழிகள் உள்ளன. ஆகவே வெறும் ஊகத்தால் அனைத்தையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 70இல் 1. 1935இல் வெளிவந்த அவரது சோதனை வடிவமைப்பு பற்றிய நூல் இந்த எடுத்துக்காட்டையே அடிப்படையாகக் கொண்டு தன் வாதத்தைத் தொடங்குகிறது. இன்று ஆய்வு மாணவர் ஒவ்வொருவரும் கற்கும் 'இன்மைக் கருதுகோள்' ஒரு தேநீர் மேசையில் தெளிவுபெற்றது.

ஏல அறையின் நாக்கு

ஜப்பானிய மேசை பொழுதுபோக்குக்கானது. ஐரோப்பிய மேசை வணிகத்துக்கானது. கிழக்கிந்தியக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டிலேயே லண்டனில் தேயிலையை ஏலத்தில் விற்கத் தொடங்கியது. பின்னர் மின்சிங் லேன் தெரு உலகத் தேயிலை வணிகத்தின் மையமாயிற்று. லண்டன் ஏலம் 1998இல்தான் முடிவுக்கு வந்தது. தென்னிந்தியாவுக்கெனக் கொச்சியில் 1947இலும் குன்னூரில் 1963இலும் ஏலங்கள் அமைந்தன. ஏலத்துக்கு முன் தொழில்முறைச் சுவைஞர் ஒவ்வொரு மாதிரியையும் உலர் இலை, ஊறிய இலை, வடித்த சாறு என மூன்று நிலைகளில் பார்த்து மதிப்பிடுவார். விலையைத் தீர்மானிப்பது அந்த நாக்கு.

இம்முறையைச் சர்வதேசத் தரநிர்ணய அமைப்பு 1980இல் ஐ.எஸ்.ஓ. 3103 என்ற ஆவணமாக்கியது: 100 மி.லி. நீருக்கு 2 கிராம் இலை, வெள்ளைப் பீங்கான் கலம், ஆறு நிமிட ஊறல். இது சுவையான தேநீர் போடும் குறிப்பன்று. ஒரு மாதிரியை இன்னொன்றோடு ஒப்பிடுவதற்கான விதி. காப்பிக்கும் இத்தகைய விதி உண்டு. 150 மி.லி. நீருக்கு 8.25 கிராம் தூள், ஏறத்தாழ 93 டிகிரி வெப்பம், நான்கு நிமிடம் கழித்து மேலே மிதக்கும் தூள் ஏட்டைக் கரண்டியால் உடைத்து முகர்தல், பின்னர் காற்றோடு சேர்த்து ஓசையெழ உறிஞ்சுதல். 'கப்பிங்' என்று அழைக்கப்படும் இம்முறையில் 100க்கு 80 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் பெறுவது சிறப்புக் காப்பி. இன்றைய ஆர்வலர் குழுக்கள் தராசையும் கடிகாரத்தையும் இங்கிருந்தே பெற்றன.

திருவிதாங்கூரின் தென்மலைகளில் முதலில் பயிரானது காப்பி. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் தென்னிந்தியத் தோட்டங்களையும் தாக்கியபின் பல தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. காப்பியானாலும் தேயிலையானாலும் ஒரு நிலைமை மாறவில்லை. கொழுந்தின் பதத்தை விரல்நுனியால் அறிந்தவர் பறிப்பவர். நொதிக்கும் இலையின் நிறத்தையும் மணத்தையும் பார்த்து, உலர்த்தும் வேளை வந்துவிட்டதென்று சொன்னவர் தொழிற்சாலைக்காரர். இவ்வறிவுகள் இல்லாமல் ஏல அறைக்கு எந்த மாதிரியும் போய்ச் சேராது. ஆயினும் 'சுவைஞர்' என்ற பெயர் ஏல அறையில் இருந்தவர்க்கே வாய்த்தது.

குவளையின் அரசியல்

கோப்பையைச் சுற்றிக் கூடுவது தமிழ்ச் சமூகத்தில் எளிய செயலாக இருந்ததில்லை. காப்பி நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமணர்களின் பண்பாட்டு அடையாளமாகவும், தேநீர் உழைப்பாளர் பானமாகவும் பிரிந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். காப்பி ஓட்டல்களில் சாதிக்கேற்ற தனியிடங்கள் இருந்தன. 1957இல் பெரியாரின் இயக்கத்தினர் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன் மறியல் செய்தது, பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற ஒரு சொல்லை நீக்குவதற்காக. சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறை அதற்குப் பின்னும் நெடுங்காலம் நீடித்தது.

அதே 1957இல் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1930களில் காப்பிக்கு உள்நாட்டுச் சந்தை தேடித் தொடங்கப்பட்ட இந்தியக் காப்பி இல்லங்களைக் காப்பி வாரியம் மூட முற்பட்டபோது, ஏ. கே. கோபாலனின் முன்முயற்சியால் பணியாளர்கள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து அவற்றைத் தாமே ஏற்றனர். கேரளத்தில் முதல் கூட்டுறவுக் காப்பி இல்லம் 1958இல் திருச்சூரில் திறந்தது. திருவனந்தபுரம் தம்பானூரில் லாரி பேக்கர் கட்டிய சுருள்வடிவக் காப்பி இல்லம் போனக்காட்டுக்கு மலையேறுவோர் பலர் பேருந்துக்கு முன் நுழையும் இடம். பரிமாறுபவரே உரிமையாளராக இருக்கும் கடை அது.

இப்பின்னணியில் வைத்துப் பார்த்தால் கப்பிங் மேசையின் ஒரு சிறு வழக்கம் பெரும்பொருள் பெறுகிறது. அங்கே ஆளுக்கொரு கோப்பை கிடையாது. ஒரே கோப்பையில் அனைவரும் தத்தம் கரண்டியை இட்டு எடுத்து உறிஞ்சிவிட்டு, கரண்டியை வெந்நீரில் அலசி அடுத்த கோப்பைக்குச் செல்வர். கொரோனாவுக்குப் பின் எடுப்பதற்கு ஒன்று, உறிஞ்சுவதற்கு ஒன்று என இரு கரண்டி முறை பரவியது. பொதுக் கோப்பை மாறவில்லை. ஒப்பிட வேண்டுமானால் பொருள் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே இதன் காரணம். சமத்துவத்தை நோக்கி எழுந்த விதியன்று. எனினும் இரட்டைக் குவளையைக் கண்ட நிலத்தில் அதன் பொருள் வேறாகிறது. 1917இல் சகோதரன் அய்யப்பன் செறாயியில் நடத்திய மிசிரபோஜனத்தின் வலிமை உணவின் வகையில் இருக்கவில்லை, பந்தியின் அமைப்பில் இருந்தது. சுவைக்குழு அமைப்போர் முதலில் உணர வேண்டியதும் அதுதான்.

எந்தச் சொல்லால் சுவைப்பது?

மேசைக்கு அடுத்தது மொழி. ஏல அறை தனக்கென ஒரு சொற்களஞ்சியத்தை வளர்த்தது. கருந்தேயிலைக்கான கலைச்சொற்களை 1982இல் ஐ.எஸ்.ஓ. 6078 தொகுத்தது. காப்பிக்கு 1995இல் அமெரிக்கச் சிறப்புக் காப்பிச் சங்கம் சுவைச்சக்கரம் ஒன்றை வெளியிட்டது. 2016இல் அது திருத்தப்பட்டது. அச்சக்கரத்தில் புளூபெர்ரியும் ராஸ்பெர்ரியும் மேப்பிள் பாகும் உள்ளன. அவற்றைச் சிறுவயதில் உண்டவர்க்கு அவை நினைவு. நெல்லியும் நாவலும் கருப்பட்டியும் உண்டு வளர்ந்தவர்க்கு அவை மனப்பாடம். பிறர் நினைவை மனப்பாடம் செய்து சொல்பவர் தம் நாக்கை நம்பக் கற்பதில்லை.

தமிழ் இத்துறையில் வறிய மொழியன்று. தேநீரின் உயிர்க்குணமாகிய துவர்ப்பை ஆங்கிலப் பேச்சுவழக்கு பெரும்பாலும் கசப்போடு கலந்துவிடுகிறது. தமிழில் அறுசுவையுள் துவர்ப்புக்குத் தனியிடம் உண்டு. பாலிபீனால்கள் உமிழ்நீர்ப் புரதங்களோடு பிணைவதால் எழும் தொடு உணர்வு என்று இன்றைய உடலியல் அதை விளக்குகிறது. சுவையா தொடு உணர்வா என்ற விவாதம் ஒருபுறமிருக்க, பிரித்தறிய ஒரு சொல் கையில் இருப்பது பெரும் பயன். மூக்குக்கும் மணம், வாடை, நெடி, வீச்சம் என்று படிநிலைகள் உள்ளன. அடிப்பிடித்த விதையின் புகை தொண்டையில் கமறும். பழங்கிடங்கின் மூட்டையில் மக்கல் வாடை அடிக்கும். அதே மக்கலின் சாயலை மழைக்காற்றில் பதப்படுத்திய மலபார் காப்பியில் உலகம் விரும்பி வாங்குகிறது. திடமான காப்பியைக் 'கள்ளிச்சொட்டு' என்றும் நீர்த்ததைக் 'கழுநீர்' என்றும் சொன்ன வீடுகளில் மதிப்பீட்டு அளவுகோல் ஏற்கெனவே இருந்தது.

தோட்ட மொழி இன்னும் வளமானது. மலையாளத்தில் இலை 'தேயில', பானம் 'சாய'. சீனத்தின் 'தே' கடல்வழியும் 'சா' பிறிதொரு வழியும் வந்த இரு சொற்களும் அம்மொழியில் ஒரே கோப்பையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இலங்கைத் தமிழில் அப்பானம் தேத்தண்ணீர். கொழுந்து, கவ்வாத்து, லயம், கங்காணி போன்ற சொற்கள் தோட்டத்தோடு மறையக்கூடியவை. தொழிற்சாலை நின்றால் கூலி மட்டும் நிற்பதில்லை. வாடும் இலையையும் நொதிக்கும் இலையையும் குறித்த பேச்சும் அடுத்த தலைமுறைக்குப் போவது நின்றுவிடுகிறது. அகராதிகள் தொழிற்சாலை ஓடும்போது அச்சொற்களைத் தேடி வந்ததில்லை.

குழு அமைத்தல் என்னும் பணி

சுவைக்குழு நடத்தப் பெரும் முதலீடு வேண்டியதில்லை. தராசு, வெப்பமானி, ஒரே அளவான வெள்ளைக் கோப்பைகள், வாசனையற்ற நீர், எட்டுப் பத்துப் பேர் போதும். மாதிரிகளுக்கு எண் மட்டும் இட வேண்டும். மூன்று கோப்பைகளில் இரண்டு ஒன்றாகவும் ஒன்று வேறாகவும் வைத்து மாறுபட்டதைக் கண்டறியும் முக்கோணச் சோதனை தொடக்கநிலையினர்க்கு ஏற்றது. ஊகத்தால் சரியாகும் வாய்ப்பு மூன்றில் ஒன்று என்பதால் பல சுற்றுகள் தேவை. எழுதி முடிக்கும்வரை யாரும் பேசலாகாது. மூத்தவர் 'பூமணம்' என்று முணுமுணுத்தால் மற்ற நாக்குகளும் பூவைக் கண்டுவிடும். காப்பி வாரியம் பெங்களூருவில் நடத்தும் 'காப்பி சாஸ்திரா' பயிற்சி முறையாகக் கற்க விரும்புவோர்க்கு உதவும்.

இவை நுட்ப விதிகள். இவற்றோடு வரலாறு இரு விதிகளைச் சேர்க்கச் சொல்கிறது. முதலாவது, குறிப்பேட்டின் முதல் பத்தி தமிழில் இருக்கட்டும். சக்கரத்தின் சொல்லைப் பிறகு தேடலாம். இரண்டாவது, இலையைப் பறித்தவரும் வறுத்தவரும் விருந்தினராக வந்து பாராட்டுப் பெற்றுத் திரும்பாமல், கரண்டியும் மதிப்பெண் தாளும் கையில் பெற்று மேசையில் அமரட்டும். திருவனந்தபுரத்தில் ஒரு குழு அமையுமானால், போனக்காட்டு லயங்களில் வாழும் முன்னாள் தொழிற்சாலைப் பணியாளர் அதற்கு மிக அருகிலுள்ள வல்லுநர். நொதியறையின் மணத்தை நாளெல்லாம் படித்தவர்கள் அவர்கள். அவர்களுடைய சொற்களைப் பதிவு செய்வதும் சம்பள நிலுவை பற்றிய அவர்களுடைய பேச்சைக் கேட்பதும் ஒரே அமர்வில் நிகழும். ஒன்றைக் கேட்டு மற்றொன்றுக்குச் செவியடைக்கும் குழு மின்சிங் லேனின் சிறு கிளையாகவே இருக்கும்.