சூழலியல் திறனாய்வும் மலேசியத் தோட்டமும்

இலக்கியத்தில் வரும் விலங்கும் மரமும் வெறும் உவமைதானா, தமக்கென வாழ்வுள்ள உயிர்களா என்று கேட்கும் வாசிப்பு சூழலியல் திறனாய்வு எனப்படும். அமெரிக்கரான வில்லியம் ரூக்கெர்ட் 1978இல் எழுதிய கட்டுரையில் இதற்கான ஆங்கிலச் சொல் பிறந்தது. ஆங்கிலக் கவிஞர்களான டி. எச். லாரன்ஸின் 1923ஆம் ஆண்டுத் தொகுப்பிலுள்ள பாம்பும், டெட் ஹியூஸ் 1957இல் பாடிய பருந்தும் இவ்வாசிப்பில் அடிக்கடி எடுத்துக்கொள்ளப்படுபவை.

தமிழருக்கு இக்கேள்வி புதிதன்று. தொல்காப்பியத்தின் திணைக் கோட்பாடு நிலத்தை முதற்பொருளாகவும், மாவையும் மரத்தையும் புள்ளையும் கருப்பொருளாகவும் வகுத்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த நிர்மல் செல்வமணி, இத்திணைக் கோட்பாட்டையே சூழலியல் திறனாய்வுக்கு அடித்தளமாக்கினார்.

ஆனால் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள கூலாயைச் சுற்றிய தோட்டப் பசுமையை எந்தத் திணையில் சேர்ப்பது? அது குறிஞ்சியும் அன்று, மருதமும் அன்று. காட்டை அழித்து நட்டது. ரப்பர் தரும் பால்மரம் அமேசானுக்குரியது; அதன் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. பின்னர் வந்த செம்பனை ஆப்பிரிக்க மரம். நட்ட கைகளில் பல தமிழருடையவை. ஆகவே இங்கே இயற்கையைப் படிப்பவர் கூலியையும் சேர்த்தே படிக்க வேண்டும். தோட்டத்து நாட்டுப்புறப் பாடல்களில் பால்மரம் அழகுப் பொருளாக அரிதாகவே வருகிறது. கப்பலேறி வந்த துயரத்துக்குச் சாட்சியாக நிற்கிறது. ஆங்கில இயற்கைக் கவிதையை மட்டும் அளவுகோலாகக் கொண்டவர்கள் இப்பாடல்களை இயற்கைப் பாடல்களாகக் கருதுவதில்லை. அது பெரும் பிழை.

மலேசிய ஆங்கிலக் கவிதையில் இப்பார்வைக்கு வலுவான எடுத்துக்காட்டு, பினாங்கின் வழக்கறிஞரும் கவிஞருமான செசில் ராஜேந்திரா. காடழிப்பை எதிர்த்த அவருடைய கடப்பிதழை அரசு 1993இல் பறித்துக்கொண்டது. அவரது 1989ஆம் ஆண்டுத் தொகுப்பின் தலைப்பிலேயே லாலாங் புல் இருக்கிறது. மரம் போன இடத்தில் முதலில் முளைத்து எழும் புல் அது. அதைக் கொத்தி எடுப்பது தோட்டத் தொழிலாளியின் தீராத வேலைகளில் ஒன்று.

கவிதைக்குள் இன்னும் வராத உயிர்களும் உண்டு. ஒருகாலத்தில் செம்பனைப் பூக்களுக்குத் தொழிலாளர்களே கையால் மகரந்தம் தூவினர். பூச்சியியலாளர் ரஹ்மான் சையத்தின் ஆய்வைத் தொடர்ந்து, கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறு வண்டினம் 1981இல் குளுவாங் தோட்டமொன்றில் விடப்பட்டது. குளுவாங், கூலாய்க்கு வடக்கே, அதே ரயில் பாதையில் இருக்கும் ஊர். வண்டு பெருகப் பெருக, மகரந்தம் தூவும் வேலை மனிதர் கையை விட்டுப் போனது.

கவிதைக்குள் முன்பே வந்த உயிரும் தோட்டத்தில் உண்டு: புறநானூற்றில் கூகை சுடுகாட்டுப் பறவை. ஆந்தை அலறினால் வீட்டுக்கு ஆகாது என்று நம்பியவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் இந்நாட்டில், செம்பனைக் காய்களைக் கொறிக்கும் எலிகளைப் பிடிக்க, தோட்ட நிர்வாகங்கள் கம்பம் நட்டுக் கூட்டுப்பெட்டி வைத்து வெண்கூகைகளை வரவழைக்கின்றன.